நாய் கடித்த காலும் மூடாத வட்டமும்

பிப்ரவரி 9, ஞாயிறு

எல்லாம் நான் முன்பே சொன்னதுதான். ஒன்றுகூடத் தப்பவில்லை.

அக்கா மகளுக்குப் பேசி முடித்திருந்த கல்யாணம் இன்று காலை நின்றுபோனது. மாப்பிள்ளைப் பையன் போனில் ஒரே ஒரு வரி அனுப்பியிருக்கிறான். "இது சரியா வராது. மன்னிச்சிடு." அவ்வளவுதான். ஏன், எதற்கு, யாரால் — ஒன்றும் கிடையாது. கூப்பிட்டால் எடுக்கவும் இல்லை. அவன் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி மாட்டிவிடும் கடை வைத்திருப்பவன். ஊருக்கெல்லாம் பார்வை கொடுக்கிறவனுக்கு எங்கள் குட்டியைப் பார்க்கத் தெரியாமல் போய்விட்டது.

எனக்கு அன்றைக்கே தெரியும். இருவரையும் என் ஸ்டூடியோவில் நிற்கவைத்துப் படம் எடுத்தபோது அவன் ஒரு காலை விரிப்புக்கு வெளியே வைத்து நின்றான். இத்தனை வருஷம் படம் எடுத்தவனுக்கு அந்த ஒரு கால் போதாதா? இதை வீட்டுக்காரியிடம் சொன்னேன்.

"அன்னைக்கு நீங்க சொன்னது, 'மாப்பிள்ளைன்னா இவன்தான் மாப்பிள்ளை, ராஜா மாதிரி நிக்கறான்'னு."

அது வாயால் சொன்னது. மனதால் சொன்னது வேறு. மனதால் சொல்வதை அவள் என்றைக்குக் கேட்டிருக்கிறாள்?

பிப்ரவரி 11, செவ்வாய்

அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். தாள் தலைகீழாக இல்லை, ஆனால் நேற்றையது. அக்கா பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்; அது ஏற்கெனவே தேய்த்த பாத்திரம். குட்டி சாப்பாட்டு மேஜையில் போனை வைத்து அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை தடவை பார்த்தாலும் இரண்டாவது வரி முளைக்கப் போவதில்லை. அவளுக்கும் தெரியும். மனோதத்துவம் படித்து முடித்தவள். வெளியூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைக் கேட்டு ஆலோசனை சொல்லும் வேலை கிடைத்திருக்கிறது. மார்ச் பத்தாம் தேதி சேர வேண்டும்.

"மாமா, இது என்னன்னு சொல்லுங்க." ஒரு தாளில் பென்சிலால் வரைந்து காட்டினாள்.

"வட்டம்."

"நல்லாப் பாருங்க."

"நல்ல வட்டம்."

"இங்க விட்டிருக்கு பாருங்க. முடியவே இல்ல. உங்க மனசே கோடு போட்டு மூடிக்கிச்சு. எல்லார் மனசும் அப்படித்தான், அரைகுறையா இருந்தா தாங்காது. அவன் ஒரு காரணம் சொல்லிட்டுப் போயிருந்தா, கெட்ட காரணமா இருந்தாலும், நான் மூடிட்டு எந்திரிச்சிருப்பேன். இப்போ ஒவ்வொரு துண்டா வச்சு வச்சுப் பாக்கறேன். என் மூக்கா, என் சம்பளமா, அன்னைக்கு நான் சிரிச்சதா... எதுவும் பொருந்த மாட்டேங்குது."

இதற்கு அவர்கள் படிப்பில் 'குளோஷர்' என்று பெயராம். கிடைத்தால் ஆள் பிழைத்துக்கொள்ளுமாம்.

அட, இவ்வளவுதானா? கிழிந்த படத்தில் இல்லாததை வைத்து முழுசாக்குவதுதானே என் தொழில்! தோள் போன படத்துக்குத் தோள் வைத்திருக்கிறேன். பாதி முகம் கறையான் தின்ற படத்துக்கு மீதி முகம் கொடுத்திருக்கிறேன். அந்தக் குடும்பம் அழுதது. (சந்தோஷத்தில் என்றுதான் நினைக்கிறேன்.)

"மாமா பாத்துக்கறேன்" என்றேன். அக்கா பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"நீ எதையும் பாக்காம இருந்தாலே போதும்டா."

பிப்ரவரி 12, புதன்

இன்று ஒரு படம் முடித்தேன். மஞ்சளேறிய பழைய படம், ஒரு மனிதரின் முகம், வலப்பக்கம் காது இருக்கவேண்டிய இடம் கிழிந்து போயிருந்தது. மஞ்சளை எடுத்துத் தரச்சொல்லி அவர் மகள் கொண்டுவந்தாள். காது வைத்தேன் பாருங்கள்... காது என்றால் அதுதான் காது. மடல், மடிப்பு, கீழே தொங்கும் சதை வரைக்கும். ஊதினால் சிலிர்க்கும்.

பிப்ரவரி 15, சனி

இன்றைய நாளைப் பொன்னெழுத்தில் எழுதவேண்டும். பேனாவில் இருப்பது நீலம்.

தனி ஆளாகக் கண்ணாடிக்காரன் வீட்டுக்குப் போனேன். கேட்டைத் திறந்தேன். அவன் வெளியே வந்தான். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. கேட்டேன், நறுக்கென்று நாலு கேள்வி. அவன் அப்படியே படியில் உட்கார்ந்து அழுதுவிட்டான். "மாமா, அவ அறிவுக்கு முன்னாடி நான் நிக்க முடியாது. பயந்துட்டேன் மாமா" என்றான். எனக்கே பாவமாகிவிட்டது. முதுகில் தட்டிக் கொடுத்தேன். திரும்பும்போதுதான் அவன் வீட்டு நாய் — கன்றுக்குட்டி உயரம், ஒவ்வொரு பல்லும் உளி — கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. நான் அசையவில்லை. நாய்தான் மிரண்டு ஓடியது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் அம்மா, கையில் கத்திரிக்கோலை நறுக் நறுக் என்று தட்டிக்கொண்டே பேசுகிறவர். ஆழமான கிழிசல் என்றார்.

"தையல் போட்டுடுங்க, சீக்கிரம் மூடிக்கும்."

"நாய்க்கடிய தைச்சா நஞ்ச உள்ள வச்சுப் பூட்டின மாதிரி. திறந்தே கிடக்கட்டும். தினமும் நனைச்ச துணிய உள்ள வச்சு எடுக்கணும். ஊசியும் வரிசையாப் போட்டாகணும். நாய்தானே?"

"நாய்தான்."

ஊசி இன்றே தொடங்கிவிட்டது. இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். நான் கேட்கவில்லை, அவர்களாக வந்தார்கள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

குட்டியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டாள். பிறகு ஒரு தட்டு நிறைய சாப்பிட்டாள். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் முதல்முறையாக மரியாதை இருந்தது. கொஞ்சம் சந்தேகமும் இருந்தது, அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒரே ஒரு இடத்தில்தான் குட்டி புருவம் உயர்த்தினாள்.

"அவங்க வீட்ல நாய் கிடையாதே மாமா. அவனுக்கு நாய்னாலே பயம்."

"புதுசா வாங்கியிருக்கான்."

சொன்னது அவ்வளவுதான். வட்டம் மூடியாகிவிட்டது. மாமன் மாமன்தான்.

பிப்ரவரி 18, செவ்வாய்

இது என்ன புதுத் தொல்லை. கத்திரிக்கோல் அம்மா சொல்கிறார், கடித்த நாய் உயிரோடு நலமாக இருக்கிறதா என்று தினமும் பார்த்துவந்து சொல்லவேண்டுமாம். நாய்க்கு ஒன்று ஆனால் எனக்கும் ஆனமாதிரியாம்.

"இன்னைக்கு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. வாலாட்டுது."

"சாப்பிடுதா?"

"ஒரு வெட்டு வெட்டுது."

பிப்ரவரி 20, வியாழன்

காயத்துக்குள் துணி வைத்து எடுப்பது இருக்கிறதே, அதைக் கண்டுபிடித்தவன் ஒரு நாளாவது தன் காலில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். முந்தாநாளே நிறுத்திவிட்டேன். ஆஸ்பத்திரிப் பக்கமும் போகவில்லை. நாயின் நலத்தைப் போனிலேயே சொல்லிவிட்டேன். மேலே பவுடர் தூவி இறுக்கி ஒரு பிளாஸ்திரி. என் சொந்த வைத்தியம்.

பிப்ரவரி 22, சனி

மூடிவிட்டது! மேலே தோல் வந்துவிட்டது, பளபளவென்று. தெருவில் நாலு பேருக்கு வேட்டியைத் தூக்கிக் காட்டினேன்.

"ஆறிடுச்சுன்னா ஏன் நொண்டறீங்க?" என்றாள் வீட்டுக்காரி.

பழக்கம் என்றேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

மோசம் போனேன்.

குட்டி வந்திருந்தாள். முகம் தெளிவாக இருந்தது, அதிகமாகவே தெளிவாக. கையில் ஒரு பொட்டலம்: நாய் பிஸ்கட்.

"மாமா, நீங்க தினமும் நாயப் பாக்கப் போறீங்கன்னு அத்தை சொன்னாங்க. இதக் குடுத்துடுங்க. நான் குடுத்ததா சொல்ல வேண்டாம். சொன்னாலும் பரவால்ல."

"நாய்க்கு எதுக்கும்மா?"

"யோசிச்சுப் பாருங்க. நாய்னா ஓடறவன், போய் ஒரு நாய வாங்கியிருக்கான். எனக்கு நாய் பிடிக்கும்னு அவனுக்குத் தெரியும். அவன் இன்னும் முடிக்கல மாமா. பயத்த ஜெயிக்கப் பாக்கறான். எனக்காக."

நான் எதைச் சொல்லி மூடினேனோ அதுவே கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

பிறகுதான் பெரிய குண்டு. பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு, சேருவதைத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டிருக்கிறாள். தலைமையாசிரியர் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம், பத்தாம் தேதி வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வோம் என்று.

"நாலு நாள் யோசிச்சுச் சொல்றேன்னேன். அவன் வந்து நிக்கறப்போ நான் ஊர்ல இல்லாம போயிட்டா?"

சொல்லியிருக்க வேண்டும். அந்த நொடியே சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? "நாய்க்கு ரெண்டு நாளா வயிறு சரியில்ல, பிஸ்கட் இப்போ வேண்டாம்" என்றேன். சீ.

பிப்ரவரி 24, திங்கள்

காய்ச்சல். கால் யானைக்கால் மாதிரி. நாய்க்கும் எனக்கும் ஒரே சமயத்தில் உடம்பு சரியில்லாமல் போனதில் வீட்டுக்காரிக்குச் சந்தேகம். ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் எனக்குப் பயம்.

பிப்ரவரி 25, செவ்வாய்

கத்திரிக்கோல் அம்மா பிளாஸ்திரியைப் பிய்த்தார். பளபளத் தோலை ஒரு விரலால் அழுத்தினார். நான் சொன்ன சொல்லை இங்கே எழுத முடியாது.

"யாரு மூடச் சொன்னது?"

"அதுவா மூடிக்கிச்சு."

"மேல மட்டும் மூடிக்கிச்சு. உள்ள பூரா சீழ். பெரியவரே, குழிய மேல பலகை போட்டு மறைச்சா அது குழி இல்லாம போயிடுமா? அடியில இருந்து சதை வளந்து வளந்து மேல வரணும். அசிங்கமாத்தான் இருக்கும், நாளாகும். ஆனா அப்படி வந்து மூடறதுதான் மூடறது. இப்போ திரும்பத் திறக்கணும்."

திறந்தார். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் திறந்தார் என்றாலும், அந்த அறையின் விட்டத்தில் எத்தனை பல்லி இருந்தது என்பதை இந்த ஜன்மத்துக்கும் மறக்கமாட்டேன். வெளியே வந்ததைப் பார்த்தேன். இவ்வளவுமா எனக்குள் இருந்தது?

"நாய் எப்படி இருக்கு?" என்றார், கட்டிக்கொண்டே.

"நல்லா இருக்கு." பல்லியைப் பார்த்துச் சொன்னேன்.

பிப்ரவரி 26, புதன்

காது படம் திரும்பி வந்தது.

அந்த மகள் மேஜைமேல் வைத்துவிட்டு நின்றாள். கோபமில்லை. கோபமாக இருந்திருந்தால் சமாளித்திருப்பேன்.

"எங்கப்பாவுக்கு இந்தக் காது கிடையாதுங்க. சின்ன வயசுலயே மெஷின்ல மாட்டிப் போயிடுச்சு. அது அவருக்கே பிடிக்காம, அந்த இடத்த அவரே கிழிச்சுட்டாரு. அம்மா படத்தப் பாத்துட்டு, 'யாரு இந்த ஆளு'ன்னு கேட்டாங்க."

"அழகா இருக்கேம்மா..."

"அழகாத்தான் இருக்கு. அப்பாவா இல்ல."

எடுத்துவிடுகிறேன் என்றேன். சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து எடுத்தேன். என் வாழ்நாளில் நான் செய்த மிக நல்ல காது. காது போனதும் அந்த மனிதர் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தமாதிரி இருந்தது.

வீட்டுக்காரி சொல்வாள், பிறந்த பிள்ளைக்கு உச்சிக்குழி கொஞ்ச மாதத்தில் மூடிவிடும், உங்களுக்கு மட்டும் மூடவேயில்லை, உள்ளே காய்ச்சுவதெல்லாம் ஆவியாக மேலே வந்துகொண்டே இருக்கிறது என்று. இருக்கலாம். மூடவேண்டியது மூடாமலும், மூடக்கூடாதது மூடிக்கொண்டும் —

நாளைக்குப் போகிறேன்.

பிப்ரவரி 27, வியாழன்

போனேன். குட்டி மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் நொண்டி நொண்டி ஏறுவதைப் பார்த்து ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டாள். உட்கார்ந்தேன். எழுதிப் பழகி வந்த முன்னுரையெல்லாம் படிக்கட்டிலேயே விழுந்துவிட்டது.

"குட்டி, அவன் அழல."

கையில் இருந்த சட்டையைப் பிழிந்தபடியே நின்றாள்.

"ஒரு வார்த்தை பேசல. அறிவு, பயம், அதெல்லாம் நான் வச்சது. எனக்குத் தெரிஞ்ச நல்ல காரணமாப் பாத்து வச்சேன். காரணம் என்னன்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியல."

"நாய்?"

"அவன் நாய் இல்ல. தெரு முனையில... தெரு நாய்."

"அப்போ தினமும் போய்ப் பாத்தது?"

"போகல."

"வயிறு சரியில்லன்னீங்க."

"அது... நம்பறமாதிரி இருக்கட்டுமேன்னு."

சட்டையைக் கொடியில் போட்டாள். கிளிப்பு மாட்டினாள். திரும்பியபோது தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று எழுந்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள். அருகில் போனால் அழுதுகொண்டும் இருந்தாள். இரண்டும் ஒரே மூச்சில். படிப்பில் அதற்கு என்ன பெயரோ.

"இல்லாத நாய்க்கு நான் பிஸ்கட் வாங்கியிருக்கேன் மாமா."

"நான் தின்னுட்டேன். மோசமில்ல."

இன்னும் கொஞ்சம் சிரித்தாள். அப்புறம் அது நின்றது. கோபம் வந்தது. "என்கிட்ட ஏன் இப்படிப் பண்ணீங்க? மத்தவங்க எல்லாம் 'மறந்துடு, மறந்துடு'ன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் போய்க் கேட்டுட்டு வந்தீங்கன்னு நினைச்சேன். அத நம்பி வேலையவே விட இருந்தேன்." வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அப்போ காரணம் வரவே வராதா?" — என்னிடம் கேட்கவில்லை, கொடியில் தொங்கிய சட்டையிடம் கேட்டாள்.

சும்மா இருந்திருக்கலாம். வாய் கேட்டால்தானே. "பிறந்த அன்னைக்கே நம்ம எல்லாரையும் ஒரு உறவுல இருந்து வெட்டி விட்டுட்டாங்க. ஏன்னு யாராவது சொன்னாங்களா? ஒரு முடிச்சு, அவ்வளவுதான். கத்தினோம். அப்புறம் பால் குடிச்சோம். அந்த இடம் குழியா அப்படியேதான் இருக்கு, யாரும் ரொப்பல. நல்லாத்தானே இருக்கோம்?"

"இது எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"புத்தகமா? சொந்தச் சரக்கு."

"அதான் தொப்புள்ல போய் நிக்குது" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. ஆனால் பிறகு வெகுநேரம் துணி உலர்த்தவில்லை. நானும் இறங்கவில்லை.

மார்ச் 1, சனி

குட்டி என்னுடன் பேசவில்லை. சரிதான்.

கால் திறந்து கிடக்கிறது. தினமும் துணி வைத்து எடுக்கிறேன். கத்தவில்லை. (கொஞ்சம்.)

மார்ச் 4, செவ்வாய்

அக்கா போன் செய்தாள். குட்டி பள்ளிக்கூடத்தைக் கூப்பிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டாளாம். பெட்டி எடுத்து வைத்தாகிவிட்டது. அந்த ஒரு வரியை அழித்துவிட்டாளா என்று கேட்டேன். இல்லையாம், அப்படியேதான் இருக்கிறதாம், பார்ப்பதில்லை என்கிறாள்.

"நீ என்னடா சொன்ன அவகிட்ட?"

"உண்மைய."

"நிஜமாச் சொல்லு" என்றாள் அக்கா.

மார்ச் 9, ஞாயிறு

வழியனுப்பப் போனேன். பெட்டியை நானே தூக்குவேன் என்று அடம்பிடித்தேன். அத்தான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுப் பெட்டியையும் தூக்கி, கையைக் கொடுத்து என்னையும் தூக்கினார். பேருந்து கிளம்புமுன் குட்டி ஜன்னல் வழியாக ஒரு தாளை நீட்டினாள். அதே வட்டம். கோடு மூடவில்லை. உள்ளே ஒரு சின்ன வளைவு மட்டும் புதிதாகப் போட்டிருந்தாள்.

"இப்போ என்னன்னு சொல்லுங்க."

எனக்குக் காது மாதிரி தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை. இப்போதெல்லாம் காது என்றாலே பயம்.

"நீயே சொல்லு" என்றேன். சிரித்தாள். பேருந்து போய்விட்டது.

மார்ச் 14, வெள்ளி

கத்திரிக்கோல் அம்மா இன்று கட்டைப் பிரித்துவிட்டுத் திரும்பக் கட்டவில்லை. அடியிலிருந்து சதை நிரம்பி மேலே வந்துவிட்டது. பார்க்க அழகில்லை, கோணலாக, இளஞ்சிவப்பாக, மழையில் நனைந்து காய்ந்த அட்டை மாதிரி. அழுத்தினார். வலிக்கவில்லை. "இது மூடினது" என்றார்.

குட்டி போன் செய்தாள். ஒரு பையன் அவள் அறைக்கு மூன்று நாளாக வந்து உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் போகிறானாம். அவளும் எதையும் கேட்டு நிரப்பாமல் கூடவே உட்கார்ந்திருக்கிறாளாம். இன்றைக்கு, நாளைக்கும் வரட்டுமா என்று கேட்டானாம். கடைசியில், "நாய் எப்படி இருக்கு மாமா?" என்றாள். கிண்டல் திரும்பி வந்துவிட்டது, ஆள் பிழைத்துக்கொண்டாள். எல்லாம் நான் எதிர்பார்த்ததுதான்.

எழுதவேண்டியது ஒன்று பாக்கி. வீட்டுக்காரி தூங்கிவிட்டாளா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

நாய் கிடையாது. அவன் வீட்டு நாயும் இல்லை, தெரு முனை நாயும் இல்லை. அன்றைக்குக் கண்ணாடிக்காரன் கேட் வரைக்கும் வந்தான். நான் ஒரு காலை உள்ளே எடுத்து வைத்து "தம்பி" என்றேன். அதற்குமேல் ஒரு சொல் வரவில்லை. நாலு கேள்வியுமில்லை, நறுக்குமில்லை. அவன் என் முகத்தைப் பார்த்தான். குனிந்து என் காலைப் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் கேட்டைச் சாத்தினான். இரும்புத் தகடு, கீழே துருப்பிடித்துக் கிழிந்திருந்தது; கெண்டைக்காலில் இறங்கியது அதுதான்.

குட்டிக்கு இது வேண்டாம். மாமன் காலையும் சேர்த்து அவள் ஏன் சுமக்கவேண்டும்?

நாய்க்கடிக்கான கடைசி ஊசி நாளைக்கு. போய்ப் போட்டுக்கொள்வேன்.